கள ஆய்வுக் குறிப்பு 17

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. ஜமீலா சொல்லிக் கேட்டது. ஜமீலாதான் சொன்னாள் என்பதும் என் ஞாபகம்தான், வேறு சாட்சி கிடையாது. நடந்தது 2071-லா 72-லா என்பதில் ஒரு குழப்பம் இருக்கிறது. அந்த வியாழக்கிழமை மழை பெய்ததாக என் மனதில் ஒரு படம் உண்டு. ஜமீலா மழையே இல்லை என்கிறாள். ஊற்று இயந்திரத்திடம் இந்தக் கதையைக் கொடுத்தால் முதல் பத்தியே வெளிறிப் போய்விடும். போகட்டும். ஹர்ஷிதா பின்னோக்கி நடந்தது மட்டும் உண்மை. அதற்கு எட்டாயிரம் சாட்சிகள் இருக்கிறார்கள்.

ஹர்ஷிதா என்றால் மகிழ்ச்சி நிறைந்தவள் என்று பொருளாம். திருச்சியில் பொதுக் கலைக்களஞ்சிய நிலையத்தில் ஆதாரப் பிரிவின் தலைவி அவள். ஐம்பத்துநான்கு வயது. அவள் சிரித்துப் பார்த்ததாக அந்த நிலையத்தில் யாரும் சொன்னதில்லை. களஞ்சியத்தில் அச்சாகிற ஒவ்வொரு வரிக்கும் அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு இருக்கவேண்டும். அந்தக் குறிப்பை அவள் ஒப்புக்கொண்டால்தான் வரி அச்சுக்குப் போகும். அவள் மேசைக்குப் பின்னால் மூன்று வரிகள் எழுதி மாட்டியிருந்தாள். ‘பார்த்ததைச் சொல். பார்த்த இடத்தைச் சொல். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாதே.’

யாராவது ‘என்று கருதப்படுகிறது’ என்று எழுதிக்கொண்டு வந்தால், “யாரால?” என்பாள்.

“பலரால் மேடம்.”

“அதுல ஒருத்தர் பேரைச் சொல்லுங்க.”

அதன்பிறகு பேசமாட்டாள். எதிரில் நிற்பவர் தானாகவே தாளை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகும்வரை அமைதியாக உட்கார்ந்திருப்பாள். அவளுடைய அமைதிக்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காக எழுதினார்கள்.

அந்த ஆண்டுதான் ஊற்று வந்தது.

ஊற்று ஒரு இயந்திரம். பெரிய தண்ணீர்த் தொட்டி அளவில் கூடத்தின் நடுவே நின்றது. அதை இயக்க நியமிக்கப்பட்டவள் ஜமீலா. இருபத்தேழு வயது, ஒரு நிமிஷம் வாய் மூடி இருக்கமாட்டாள். முதல் நாள் இயக்குநர் நவநீதன் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு, “நீயே சொல்லிடும்மா, எளிமையா சொல்லு. நானும் கேட்டுக்கறேன்,” என்றார்.

“ரொம்ப எளிமை சார். ஒரு வரியைக் காட்டுனா, இது எதைப் பார்த்து எழுதினது, அது எதைப் பார்த்து எழுதினதுன்னு பின்னாலயே போகும். முதல் மூலம் கிடைக்கிற வரைக்கும் விடாது. இந்தக் கட்டடத்துல இருக்கிற எல்லாத் தாளையும் கட்டுப் பிரிக்காம, உறை கிழிக்காம அப்படியே படிச்சிடும். நாட்டுல மத்த நூலகங்கள்லயும் இது மாதிரி இருக்கு, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும்.”

“மூலம் கிடைக்கலைன்னா?”

“நம்ம புத்தகமெல்லாம் இப்ப நிறம் மாறுற ‘மாறுமை’யில அச்சடிக்கிறோம் இல்லையா? மூலம் இல்லாத வரி வெளிறிடும். தாள் மட்டும்தான் இருக்கும்.”

முதல் தொகுதியைத் திறந்து வைத்தார்கள். ஊற்று ஒரு முறை முனகியது. ‘உலகிலேயே முதன்முதலாக’ என்று தொடங்கிய வரிகளெல்லாம் சேர்ந்தாற்போல் மறைந்தன. அடுத்து, வாழ்க்கை வரலாறுகளில் ‘சிறு வயதிலேயே அறிவுக் கூர்மை மிக்கவராக விளங்கினார்’ என்ற வரி நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் போயிற்று. ‘இளமையில் வறுமையில் வாடினார்’ என்றிருந்த அறுபது பேரில் நாற்பது பேர் மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியவந்தது. ஆசிரியர் குழுவில் ஒருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நவநீதன் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். “என்னம்மா இது, இந்த மனுஷனுக்குப் பொறந்த ஊர் மட்டும்தான் மிஞ்சியிருக்கு. செத்ததுக்குக்கூட ஆதாரம் இல்லை!”

“அப்ப உயிரோட இருக்கார் சார்,” என்றாள் ஜமீலா.

கூடம் முழுக்கச் சிரித்தது. ஹர்ஷிதா மட்டும் அமைதியாக நின்றாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கும் ஒரு குதியாட்டம் இருந்தது. முப்பத்தொரு வருஷமாக ஒற்றை ஆளாக அவள் கேட்டுவந்த கேள்வியைக் கேட்க இப்போது ஒரு இயந்திரமே வந்துவிட்டது.

அப்போது ஜமீலா இன்னொன்று சொன்னாள். “சும்மா மூலம் இல்லாத வரின்னா வெளிறும், அவ்வளவுதான். ஆனா இல்லாத மூலத்தை இருக்கிறதா யாராவது போட்டிருந்தா அது பொய் மூலம். புதுச் சட்டப்படி அந்தக் கை எழுதினது, கையெழுத்துப் போட்டது எல்லாமே சந்தேக வரி. எல்லாம் சாம்பல் நிறமாயிடும். வேற ஆள் ஒவ்வொண்ணா சரிபார்க்கற வரைக்கும் அப்படியேதான் இருக்கும். அவங்களும் இந்தத் தொழில்ல இருக்க முடியாது.”

“நம்ம நிலையத்துல அப்படி யாரும் கிடையாது,” என்றார் நவநீதன். “ஹர்ஷிதா மேடம் கையெழுத்துல பதினோராயிரம் பதிவு இருக்கு. ஒண்ணுல கை வைக்கச் சொல்லுங்க, பார்ப்போம். சரி, அடுத்த வியாழக்கிழமை ஒன்பதாவது தொகுதி. ‘நா’.”

அந்த எழுத்தில் ஹர்ஷிதாவுக்கு ஒரே ஒரு ஊர்தான் கேட்டது.

‘நா’ என்றால் நாரணமேடு.

இருபத்துமூன்று வயதில், வேலைக்குச் சேர்ந்த நாலாம் மாதம், அவளுக்குக் கொடுத்த ஊர் அது. கொள்ளிடத்தின் வடகரையில் ஒரு சின்ன டவுன். மக்கள்தொகை கிடைத்தது, பருத்தி மில் கிடைத்தது, பாலம் கட்டிய ஆண்டு கிடைத்தது. ஆனால் கணினிப் படிவத்தில் ‘சிறப்பு வழக்கம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டால் படிவம் மூடாது. அந்த ஊரில் சிறப்பு வழக்கம் எதுவும் இருப்பதாக எந்த ஏட்டிலும் இல்லை.

இதற்கு நிலையத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ‘ஒப்புக்கு வரி’ என்று அதற்குப் பெயர். விளையாட்டில் ஆள் குறைந்தால் ஒப்புக்கு ஒருவனைச் சேர்ப்பதைப்போல, கட்டத்தை மூட ஒரு வரி. படிக்கிற எவரும் நம்பமுடியாதபடி கோமாளித்தனமாக இருக்கவேண்டும், அப்போதுதான் அச்சுக்கு முன் யார் கண்ணிலாவது படும். கூடவே, மாற்றவேண்டிய வரி என்பதற்கு அடையாளமாகச் சிவப்புப் புள்ளி வைக்கவேண்டும். ஹர்ஷிதா இப்படி எழுதினாள்: ‘ஆனி மாத முதல் ஞாயிற்றுக்கிழமை இவ்வூர் மக்கள் அனைவரும் கடைத்தெருவிலிருந்து ஆற்றங்கரை வரை பின்னோக்கி நடப்பர்.’ மூலத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. அதில் ‘கள ஆய்வுக் குறிப்பு 17’ என்று போட்டாள். நிலையத்தின் அலமாரியில் பதினாறு குறிப்புகள்தான் இருந்தன.

சிவப்புப் புள்ளியை வைக்க மறந்தாள். அன்று மாலையே காய்ச்சல், பிறகு மஞ்சள்காமாலை, ஆறு வாரம் விடுப்பு. திரும்பி வந்தபோது தொகுதி அச்சாகி வெளியே போயிருந்தது.

சொல்லியிருக்கலாம். இயக்குநர் அறைவாசல்வரை போய்விட்டு வந்தாள். நாரணமேட்டை யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். மூன்று வருஷம் கழித்து ஒரு நாளிதழில் புகைப்படம் வந்தது. ஒரு ஊரே முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து வந்தது. கையில் இருந்த காபி ஆறிப்போகும்வரை அந்தப் படத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

அதன்பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. களஞ்சியத்தின் இரண்டாம் பதிப்பு நாளிதழைச் சுட்டியது. ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு இரண்டாம் பதிப்பைச் சுட்டியது. ஒரு ஆவணப்படம் ஆய்வேட்டைச் சுட்டியது. மூன்றாம் பதிப்பு ஆவணப்படத்தைச் சுட்டியது. எல்லாக் குறிப்புகளும் பக்க எண்ணோடு சுத்தமாக இருந்தன. ஒருவர் முதுகை ஒருவர் சுட்டிக்காட்டியபடி வட்டமாக நின்றார்கள். வட்டத்தின் நடுவில் யாரும் இல்லை. மூன்றாம் பதிப்பில் கையெழுத்துப் போட்டவளும் ஹர்ஷிதாதான். ஒரு ஊரையே முட்டாளாக்கிவிட்டோம் என்ற எண்ணம் அவளை விட்டுப் போகவே இல்லை. அவள் கடுமையெல்லாம் அங்கிருந்து வந்ததுதான். அந்த ஊர்ப் பக்கம் அவள் ஒரு முறைகூடப் போனதில்லை.

வியாழனுக்கு முன்னால் வந்த ஞாயிறு, ஆனி முதல் ஞாயிறு. ஊற்று சொல்வதற்குள் தானே போய் ஊராரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். பேருந்து நிலையத்தில் ஜமீலா நின்றுகொண்டிருந்தாள்.

“நீ எங்க?”

“நாரணமேடு மேடம். ரொம்ப நாள் ஆசை. நீங்க?”

பக்கத்துப் பக்கத்து இருக்கை. லால்குடி தாண்டும்வரை ஜமீலாவே பேசிக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில் மூச்சுவிட அவள் நிறுத்தியபோது, ஹர்ஷிதா ஜன்னலைப் பார்த்தபடி, “அந்த வரி நான் எழுதினது. பதினேழாம் குறிப்புன்னு ஒண்ணு கிடையாது,” என்றாள்.

ஜமீலா அவளைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வாயைப் பொத்திக்கொண்டு, முன் இருக்கைக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு, விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். நடத்துநர் வந்து தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

“மன்னிச்சிடுங்க மேடம்... நீங்க... ‘யாரால?’ன்னு கேட்கற நீங்க...” மறுபடி விக்கல். சட்டென்று முகம் மாறியது. “ஐயோ மேடம். பதினோராயிரம் பதிவு.”

“ஆமா.”

“அந்த ஒரு பக்கம் ஈரமாயிடுச்சுன்னு எடுத்துடட்டுமா? என் கையிலதான் இருக்கு.”

ஹர்ஷிதா திரும்பிப் பார்த்தாள். ஜமீலா ஊர் வரும்வரை அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையிலேயே அதுதான் நீளமான மௌனம் என்று பிற்பாடு சொன்னாள்.

நாரணமேட்டில் இறங்கியதும் முதலில் பார்த்தது அவர்களை ஏற்றிவந்த பேருந்தையே. அது அப்படியே ரிவர்ஸில் கடைத்தெருவுக்குள் போய்க்கொண்டிருந்தது. நடத்துநர் பின்படிக்கட்டில் தொங்கியபடி, “வரலாம், வரலாம், வரலாம்!” என்று தட்டிக்கொண்டே போனார். போக்குவரத்துக் காவலர் ஒருவர் பின்னோக்கி நடந்தபடியே கையைக் காட்டி வழி ஒழுங்குபடுத்தினார். நாதஸ்வரக்காரர்கள் வாசித்துக்கொண்டே பின்னால் போய், தவில்காரர் மேல் மோதி, சுருதி தப்பாமல் மன்னிப்புக் கேட்டார்கள். கல்லூரி மாணவிகள் தூக்கிப்பிடித்த பதாகையில் ‘முதுகே வழிகாட்டி’ என்று இருந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும், பின்னால் வருவதைப் பார்க்கக் கைக்கண்ணாடி அனுமதி. ஐம்பத்தொன்பது வயதுக்காரர் ஒருவர் கண்ணாடியை ஒளித்து வைத்திருந்து பிடிபட்டார்.

“ஆதார் கார்டை எடுங்க சித்தப்பா!” என்று யாரோ கத்தினார்கள்.

“ஆவணியில அறுபது முடியுதுடா!”

“அப்ப ஆவணியில வாங்க!”

ஊர்ப்பெண் ஒருத்தி ஹர்ஷிதாவின் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். “இப்படித் திரும்புங்கக்கா. திரும்பிப் பார்க்கக் கூடாது. யாரையாவது இடிச்சா அவங்களோட ஒரு டீ குடிக்கணும், அதுதான் சட்டம். நான் என் வீட்டுக்காரரை அப்படித்தான் இடிச்சேன்.” எதிர்ப்பக்கம் பார்த்தபடி நின்ற கணவன், “மூணு தடவை,” என்றான்.

ஹர்ஷிதா நடந்தாள். ஒரு அடி, இரண்டு அடி. கடைத்தெரு அவளைவிட்டு விலகி விலகிப் போயிற்று. பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல், முதலில் கையைப் பின்னால் நீட்டித் துழாவியபடி நடந்தாள். பிறகு, இத்தனை வருஷமும் இப்படித்தானே நடந்தோம் என்று தோன்றியது. அந்த நினைப்பில் காலை வேகமாக எடுத்து வைத்தாள். முதுகில் மெத்தென்று ஒருவர் இடித்தார்.

“டீ!” என்று சுற்றிலும் கூவினார்கள்.

இடித்தவள் ரோஸ்லின். ஊர்க் கிளை நூலகத்தில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். போன மாதம்தான் அறுபது முடிந்து கைக்கண்ணாடி உரிமை வாங்கியிருந்தாள். ஓரமாக இருந்த டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

“வெளியூரா? முதல் தடவையா?” என்றாள் ரோஸ்லின்.

ஹர்ஷிதா டீயைத் தொடவில்லை. “நான் களஞ்சிய நிலையத்துலேர்ந்து வர்றேன். உங்க ஊரைப் பத்தின வரி... பின்னோக்கி நடக்கறதைப் பத்தி... அதை எழுதினவ நான்தான். அப்படி ஒரு வழக்கம் உங்க ஊர்ல இருந்ததே இல்லை. நானா எழுதினேன். உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்.”

ரோஸ்லின் டம்ளரைக் கீழே வைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஹர்ஷிதாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப நீங்கதானா அது?” குரல் உயர்ந்தது. “முப்பத்தொரு வருஷமா ஒரு பதில் போடலையே! ஒரு போஸ்ட் கார்டு போடக் கூடாதா?”

“எதுக்குப் பதில்?”

“நல்லா கேட்டீங்க போங்க. புத்தகம் லைப்ரரிக்கு வந்த அன்னைக்கு ஊரே வந்து நின்னுச்சு. நம்ம ஊர் பேரு அச்சுல வந்திருக்கேன்னு. நான்தான் சத்தமா படிச்சேன். ஜனத்தொகை சரி, மில்லு சரி, பாலம் சரின்னு தலையாட்டிக்கிட்டே வர்றாங்க. அப்புறம் இந்த வரி. யாருடா இங்க பின்னால நடக்கறதுன்னு ஒருத்தரை ஒருத்தர் பார்க்கறாங்க.”

“உங்களுக்குத் தெரியுமா?” ஹர்ஷிதா முன்னால் சாய்ந்தாள். “தப்புன்னு அப்பவே தெரியுமா?”

“ஏங்க, நாங்க எப்படி நடக்கறோம்னு எங்களுக்குத் தெரியாதா?” ரோஸ்லின் சிரித்தாள். “நாலு பேரு சண்டை போடலாம்னாங்க. அப்ப சேர்மனா இருந்த தர்ஷன்தான் சொன்னார், ‘பாவம், யாரோ புதுசா வேலைக்குச் சேர்ந்ததா இருக்கும். நாம கத்துனா வேலை போயிடும். தப்புன்னு மரியாதையா எழுதிப் போடுவோம். அவங்க திருத்தற வரைக்கும் புத்தகம் பொய் சொன்னதா இருக்க வேண்டாம், இந்த ஆனிக்கு நடந்துடுவோம். பதில் வந்ததும் நிறுத்திக்கலாம்’னு. கடிதம் நான்தான் எழுதினேன். யாருக்குன்னு தெரியாததால ‘கள ஆய்வுக் குறிப்பு 17 எழுதியவருக்கு’ன்னு போட்டேன்.”

“எனக்கு வரலையே.”

“எங்களுக்கும் பதில் வரலையே. அதான் நடக்கறோம்.”

ஜமீலாவுக்கு மறுபடி விக்கல் எடுத்தது. ரோஸ்லின் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஹர்ஷிதாவிடம் கேட்டாள். “இப்ப பதில் போடப் போறீங்களா?”

ஹர்ஷிதா வெளியே பார்த்தாள். கடைக்கு வெளியே எட்டாயிரம் பேர் முகம் காட்டியபடி விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“வந்த கடிதத்துக்குப் பதில் போடணும்ல?” என்றாள்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்தக் கடிதத்தைத் தேடினாள். களஞ்சியத்தில் உண்மையை எழுதுவதானால் அதற்கும் மூலம் வேண்டும். ரோஸ்லின் சொன்னது போதாது, கண்ணால் பார்க்கவேண்டும். தபால் அறையில் பழைய மூட்டைகளைப் பிரித்தாள். விடுப்பில் இருந்தவர்களின் தபால்கள், முகவரி தவறியவை, கிழிந்தவை எல்லாவற்றையும் பார்த்தாள். ஜமீலா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே தும்மினாள். ஊற்றை வைத்துத் தேடலாமே என்று ஹர்ஷிதா கேட்டதற்கு, “அது வரியிலேர்ந்துதான் தாளுக்குப் போகும் மேடம், தாளைத் தேடுன்னா முழிக்கும்,” என்றாள்.

கள ஆய்வுக் குறிப்பு அலமாரியில் நாற்பது அறைகள் உண்டு. அதில் பதினேழாம் அறையை ஹர்ஷிதா திறக்கவில்லை. அங்கே எதுவும் இல்லை என்பது உலகத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. ஒன்பதாம் தொகுதியைத் திறந்து வைத்தார்கள். ஹர்ஷிதா பையில் தன் பேனாவையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

நாரணமேடு வந்தது. மக்கள்தொகை கறுப்பாகவே நின்றது. மில், பாலம், நின்றன. பின்னோக்கி நடக்கும் வரி ஒரு கணம் நடுங்கியது. சுவரில் இருந்த பலகையில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. ஆவணப்படம். ஆய்வேடு. இரண்டாம் பதிப்பு. நாளிதழ். முதல் பதிப்பு. ஜமீலா கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது கடைசி விளக்கும் எரிந்தது.

‘முதல் மூலம்: கள ஆய்வுக் குறிப்பு 17. அலமாரி அறை 17. ஒரு தாள். உறை பிரிக்கப்படவில்லை. பொருத்தம்: முழுமை.’

வரி முன்பைவிடக் கறுப்பாக, அழுத்தமாக வந்து நின்றது. கூடம் கைதட்டியது. “பார்த்தீங்களா! நான் சொல்லலை?” என்று நவநீதன் மேசையைத் தட்டினார். “நூறு வழக்கம் போட்டிருந்தோம், தொண்ணூறு போச்சு. இது மேடம் எழுதினது, அசையலை பாருங்க!”

ஹர்ஷிதா எழுந்து கூடத்தைக் கடந்து அலமாரியிடம் போனாள். பதினேழாம் அறையை இழுத்தாள். முப்பத்தொரு வருஷமாகத் திறக்காத அறை கிறீச்சிட்டது. உள்ளே ஒரே ஒரு உறை. ‘கள ஆய்வுக் குறிப்பு 17 எழுதியவருக்கு.’ அந்தக் காலத்துத் தபால் பிரிவுக்காரர் பூவராகன் எண்ணைப் பார்த்தால் ஆளைப் பார்க்காதவர். எண் போட்டு வந்தது எதுவானாலும் அந்த எண்ணுக்குரிய அறையில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்.

பிரித்துப் படித்தாள்.

‘ஐயா அல்லது அம்மா, எங்கள் ஊரைப் பற்றி அழகாக எழுதியதற்கு நன்றி. ஆனால் நாங்கள் பின்னோக்கி நடப்பதில்லை. எங்கோ தவறியிருக்கிறது. மனம் வருந்த வேண்டாம். நீங்கள் திருத்தும்வரை உங்கள் வரி பொய்யாகிவிடக் கூடாது என்பதால், வரும் ஆனி முதல் ஞாயிறு கடைத்தெருவிலிருந்து ஆற்றங்கரை வரை ஊர் மக்கள் அனைவரும் பின்னோக்கி நடக்க முடிவு செய்திருக்கிறோம். பதில் வந்ததும் நிறுத்திக்கொள்கிறோம். வைகாசி 12.’

ஆண்டு போடவில்லை. ரோஸ்லின் அதை மட்டும் மறந்திருந்தாள். அதனால் எது முந்தியது, எது பிந்தியது என்று ஊற்றுக்குத் தெரியவில்லை. மறுத்து எழுதிய கடிதத்தையே சாட்சியாக எடுத்துக்கொண்டுவிட்டது. பதினேழாம் குறிப்பே பொய் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாள். ஒருத்தி ஊற்றுக்குப் பக்கத்தில் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஹர்ஷிதா கடிதத்தைப் பிடித்தபடி நின்றாள். எவ்வளவு நேரம் என்று ஜமீலாவிடம் கேட்டேன். ஒரு மணி நேரம் இருக்கும் என்கிறாள். இரண்டு நிமிஷமாகத்தான் இருந்திருக்கும்.

“சார், இது தப்பு,” என்றாள் ஹர்ஷிதா.

“எது?”

“இந்த வரி.”

“கறுப்பா இருக்கு மேடம்!”

“கறுப்பா இருக்கு. ஆனா தப்பு. கடிதம்தான் என் வரியைப் பார்த்து வந்தது. என் வரி எதையும் பார்த்து வரலை. நான் எழுதின அன்னைக்கு இந்த அறை காலி.”

நவநீதன் அவள் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார். “வருஷம் இல்லையே இதுல. யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே சார்.”

“பதினோராயிரம் பதிவு மேடம். உங்க வாழ்க்கை.”

அவள் ஒன்பதாம் தொகுதி இருந்த மேசைக்குத் திரும்பினாள். பையிலிருந்து பேனாவை எடுத்தாள். நாரணமேட்டுப் பக்கத்தில் பழைய வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினாள். ‘ஆனி மாத முதல் ஞாயிற்றுக்கிழமை இவ்வூர் மக்கள் பின்னோக்கி நடக்கின்றனர். இவ்வழக்கம், இக்களஞ்சியத்தின் முதல் பதிப்பில் ஹர்ஷிதா என்ற உதவியாசிரியை ஆதாரமின்றி எழுதிய வரியிலிருந்து, அவரைப் பொய்யராக்க விரும்பாத ஊராரால் தொடங்கப்பட்டது. மூலம்: தவறு செய்தவரின் வாக்குமூலம், நூலகர் ரோஸ்லின் எழுதிய கடிதம், வைகாசி 12, ஆண்டு 2040, கடிதம் எழுதியவர் நேரில் சொன்னபடி.’

ஊற்று முனகியது. புதிய வரி பேனா மை காய்வதற்குள் பதிவாகி, மைபோலக் கறுத்தது. அதே நொடியில், மேசைகளில் விரித்திருந்த எல்லாத் தொகுதிகளிலும் வரிகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகத் தொடங்கின. முப்பத்தொரு வருஷ உழைப்பு கண்ணெதிரே நரைத்துக்கொண்டு போயிற்று.

ஹர்ஷிதா அதைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஜமீலா ஓடினாள். அழவில்லை. “புத்தகம் பொய் சொல்லக் கூடாதுன்னு... ரிவர்ஸ்ல பஸ் ஓட்டியிருக்காங்க ஜமீலா... முப்பத்தொரு வருஷம்...” என்று சொல்லமுடியாமல் சொல்லிச் சிரித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் பெயருக்கு என்ன பொருள் என்று அன்றுதான் நவநீதனுக்கு நினைவு வந்ததாம்.

மறுநாள் அவள் நிலையத்தைவிட்டுப் போவதற்கு முன் செய்த கடைசி வேலை, நாரணமேடு கிளை நூலகத்துக்கு ஒரு பதில் எழுதித் தபாலில் போட்டது. இந்த முறை ஆண்டு, மாதம், தேதி எல்லாம் போட்டாள்.

பதினோராயிரம் பதிவுகளையும் ஜமீலாவும் இன்னும் ஆறு பேரும் பதினான்கு மாதம் சரிபார்த்தார்கள். ஒன்பது வரிகளைத் தவிர எல்லாம் மறுபடி கறுத்தன. அந்த ஒன்பதில் நான்கு நிஜமாகவே தப்பு. நவநீதன் அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். அவர் பிரிவு உபசார மலரில் ‘சிறு வயதிலேயே அறிவுக் கூர்மை மிக்கவர்’ என்று யாரோ எழுதியதைத் தானே அடித்தார். படிவத்தில் ‘சிறப்பு வழக்கம்’ கட்டத்தை இப்போது காலியாக விடலாம். ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்றும் எழுதலாம். ஜமீலா ஆதாரப் பிரிவின் தலைவியானாள். அந்த மூன்று வரிகள் அதே சுவரில் இருக்கின்றன. ஹர்ஷிதா சட்டப்படி இந்தத் தொழிலுக்குத் திரும்ப முடியவில்லை. நாரணமேட்டில் ரோஸ்லின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிபோனாள். ஆனி வந்தால் நடக்கிறாள். அறுபதானபோது கைக்கண்ணாடி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அவள் எழுதிய பதில் நாலாம் நாளே ஊருக்கு வந்து சேர்ந்தது. கிளை நூலகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். இதுவரை யாரும் பிரிக்கவில்லை.